பூமியா, மூடியா?

மாவு விழும் துணிக்குழாயை இடது கையால் விலக்கிவிட்டு, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மாவைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே, "கோவிச்சுக்கிட்டுப் போன உன் மருமக திரும்பி வந்துட்டாளா?" என்று கேட்கிறார் மில்லுக்காரம்மா. கேட்கப்பட்ட மாமியார்க்காரி வரிசையின் கடைசியில் நிற்கிறாள். மோட்டார் ஓடுகிறது, பெல்ட் படபடக்கிறது, கல் உறுமுகிறது. அத்தனைக்கும் மேலே அந்தக் கேள்வி எழும்பி, வாசலைத் தாண்டி, எதிர்ச் சாரியில் சைக்கிளுக்குப் பங்க்சர் ஒட்டுகிறவர் வரைக்கும் போய்ச் சேர்கிறது. அவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பதிலுக்காக நிமிர்ந்து பார்க்கிறார். மாமியார்க்காரி தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டுகிறாள். ஆமாமா, இல்லையா என்று தெருவுக்குப் புரியவில்லை. மில்லுக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "வந்துட்டாள்ல, அப்ப நீ கொஞ்சம் வாயக் கட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்குகிறார்.

தெருவில் அவருக்கு மைக்செட் என்று பெயர். அது அவருக்கும் தெரியும், வருத்தமில்லை. "நாலு பேரு கூடுற எடத்துலதான மைக்செட்டு வைப்பாங்க" என்பார். அந்த மில்லில் ரகசியம் என்ற ஒன்று தங்கியதே கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டான், யார் புதிதாகப் பல் கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் கோதுமையோடு சேர்ந்து அரைபட்டு, எல்லார் பையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குப் போகும்.

புருவம், இமை, காதோரத்து முடி எல்லாவற்றிலும் மாவு படிந்து, நரையா மாவா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். விடுமுறை நாளில் தலைக்குக் குளித்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனால் நன்றாகத் தெரிந்தவர்களே, "நீங்க மில்லுக்காரம்மா தங்கச்சியா?" என்று கேட்டுவிடுவார்கள். "ஆமாங்க, அக்கா வீட்ல தூங்குறா" என்று பதில் சொல்லிவிட்டு நடப்பார். குட்டையான, கெட்டியான உடம்பு. மூட்டையைத் தூக்கும்போது மூச்சை ஒரு தரம் இழுத்துப் பிடிப்பார், அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் இதே மில்லுக்குச் சாக்கு தைக்கக் கூலிக்கு வந்தவர் அவர். பழைய முதலாளி கதவைச் சாத்திவிட்டு ஊரைவிட்டுப் போனபோது, துருப்பிடித்துக் கிடந்த மோட்டாரையும் விரிசல் விட்ட கல்லையும் சேர்த்து மில்லைத் தன் பெயருக்கு வாங்கினார். இன்றைக்குச் சுற்று வட்டாரத்துப் பேக்கரிகள் மூன்றும் அவரிடம்தான் அரைக்கின்றன. வாசல் பலகையில் மில்லின் பெயர் சின்னதாகவும் அவர் பெயர் பெரிதாகவும் இருக்கும். பெயின்டர் மாற்றி எழுதிவிட்டாரோ என்று யாராவது கேட்டால், "நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்" என்பார்.

அவருடைய கணவர் நூலகர். மூச்சு விடுவதுகூடப் பக்கத்து மேஜைக்காரருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பயந்து பேசுகிறவர். இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது ஊருக்கு நெடுநாள் வியப்பு. மில்லுக்காரம்மாவிடம் விளக்கம் தயாராக இருக்கும். "எங்க வீட்ல சண்டையே வராது. நான் கத்துறது அவருக்குப் பழகிப்போச்சு. அவரு திட்டுறது எனக்குக் கேக்காது."

விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் நிஜம். வருஷக்கணக்காக அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றதில் காது போய்விட்டது. "கொஞ்சம் மந்தம்" என்பார் அவர். அந்தக் 'கொஞ்ச'த்தை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. எதிரே நிற்பவர் உதட்டையும் கண்ணையும் பார்த்து முக்கால்வாசியைப் பிடித்துவிடுவார், மீதியை ஊகித்துக்கொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவர்களிடம் மட்டும், "மூஞ்சியப் பாத்துப் பேசு. நான் என்ன கடன்காரியா?" என்று எரிந்து விழுவார். நூலகர் மத்தியானச் சாப்பாட்டோடு மில்லுக்கு வந்தால் கூப்பிடமாட்டார். கூப்பிட்டும் பயனில்லை. மனைவி தற்செயலாகத் திரும்பும் வரைக்கும் வாசலிலேயே சாப்பாட்டுக் கேரியரோடு நிற்பார்.

அந்த 'கொஞ்சம் மந்தம்' ஒரு நாள் காலையில் உடைந்தது.

தானிய லாரி பின்பக்கமாக மில் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. மில்லுக்காரம்மா தரையில் சிந்திய கோதுமையைக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். விலகிக்கொள்வார் என்று நினைத்தார். விலகவில்லை. மறுபடியும் அடித்தார். எதிர்ச் சாரியிலிருந்து பங்க்சர்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்து லாரியின் பக்கப் பலகையில் ஓங்கித் தட்டினார். பிரேக் போட்ட வேகத்தில் மேலேயிருந்த மூட்டை ஒன்று சரிந்து, மில்லுக்காரம்மாவின் பக்கத்தில் விழுந்து வெடித்தது. காலில் தானியம் தெறித்த பிறகுதான் அவர் திரும்பினார். லாரியின் பின்பக்கம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

"ஏம்ப்பா, ஹாரன் அடிக்க மாட்டியா?" என்று தெருவே அதிரக் கேட்டார்.

டிரைவர் இறங்கி வந்தார். "அடிச்சேன்க்கா" என்றார். "விடாம அடிச்சேன்."

மில்லுக்காரம்மா பங்க்சர்காரரின் முகத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே பதில்தான் இருந்தது. "சரி, செதறுனத அள்ளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று முழுக்க மில்லில் யாருடைய குடும்ப விவகாரமும் பேசப்படவில்லை.

விஷயம் சாயங்காலத்துக்குள் மகளின் காதுக்குப் போய்விட்டது. மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அதில் மில்லுக்காரம்மாவுக்குக் கொள்ளைப் பெருமை. "எம் பொண்ணு வண்டியில டம்ளர் நெறைய தண்ணி வெச்சுக்கிட்டு உக்காரலாம், ஒரு சொட்டு சிந்தாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த மகள் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. மில்ல மூடுறியா, காதுல மெஷின் மாட்டுறியா?"

மில்லை மூடுவது என்ற பேச்சே கிடையாது. மெஷினை மாட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் பரவாயில்லை. மில்லுக்குள் போனதும் மோட்டாரின் இரைச்சலை அது அப்படியே வாரிக்கொண்டு வந்து மண்டைக்குள் கொட்டியது. அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டார். "இருக்குற எரைச்சல் பத்தாதுன்னு இது வேற. காதுக்குள்ள இன்னொரு மில்லு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். மெஷின் மேஜை டிராயருக்குள் போனது.

நாய் வாங்கும் யோசனை மகளுடையதுதான். அவள் வழித்தடத்தில் காது கேளாத பெரியவர் ஒருவர் தினமும் ஏறுவார். பஸ் வருவதை அவருடைய நாய்தான் அவருக்குச் சொல்லும். எழுந்து வந்து முழங்கையை முட்டும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த எண்ணம் விழுந்தது. கால்நடை மருத்துவரிடம் விசாரித்தாள். "மந்தை மேய்க்கிற ஜாதி நாயா பாருங்க. கூட்டத்துலேருந்து ஒண்ணு தனியா ஒதுங்கினா அதுக்குப் பொறுக்காது" என்றார் அவர்.

தேடும் வேலை நூலகருக்கு வந்தது. அவர் நூலகத்திலிருந்த நாய்ப் புத்தகங்களையெல்லாம் தன் பெயரிலேயே இரவல் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு வாரம் படித்துவிட்டு, மில்லில் மோட்டார் நின்ற நேரத்தில் மனைவியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொன்னார்.

"ரெண்டு ஜாதி இருக்கு. ரெண்டுமே அபூர்வமான வெளிநாட்டு ஜாதி. நம்ம பக்கத்துல ரெண்டே வீட்லதான் வளக்கிறாங்க. ஒண்ணு பேரு பூமி."

"நல்ல பேரு. இன்னொண்ணு?"

"மூடி."

மில்லுக்காரம்மா அவர் உதட்டை உற்றுப் பார்த்தார். "மறுபடி சொல்லுங்க."

"மூடி."

"எந்த மூடி? பானை மூடியா, பாட்டில் மூடியா?"

"அந்த நாட்டுல அதுக்குப் பேரே அதுதான்."

"மில்ல மூடுன்னாங்க. முடியாதுன்னேன். இப்ப மூடியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள விடப் பாக்குறீங்க, அப்பனும் மவளும் சேந்து" என்றார் மில்லுக்காரம்மா. பங்க்சர்காரர் எதிர்ச் சாரியில் சிரித்தது மில்லுக்குள் நூலகருக்குக் கேட்டது.

அந்த இரண்டு வீடுகளும் ஊருக்கு வெளியே, ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. பூமி வளர்க்கிறவர் பெரிய மீசைக்காரர். மூடி வளர்க்கிறவர் ஒரு விதவைப் பெண்மணி. மீசைக்காரர் மகளை அந்தம்மா மகனுக்குக் கொடுத்திருந்ததால் இருவரும் சம்பந்திகள். அதனால் ஒருவர் நாயை ஒருவர் வெளிப்படையாகக் குறை சொல்வதில்லை. "சம்பந்தியம்மா நாயும் நல்ல நாய்தான். கொஞ்சம் கூச்சம்" என்பார் மீசைக்காரர். "சம்பந்தி நாய்க்கு அறிவு ஜாஸ்தி. அதான் வாயும் ஜாஸ்தி" என்பார் அந்தம்மா.

ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு போனார்கள். முதலில் பூமி. சாம்பல் நிறத்தில் சுருட்டை சுருட்டையாக ரோமம், முதுகின் மேல் வளைந்து நிற்கும் வால், புத்தகத்தின் பக்கத்தை மடித்துவிட்ட மாதிரி நுனி மடங்கிய காதுகள். வண்டியிலிருந்து இறங்குவதற்குள்ளேயே குரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆடுகளைப் பட்டியிலிருந்து அவிழ்த்துவிட்டதும் அது ஓடிய ஓட்டத்தையும் போட்ட அதட்டலையும் பார்க்க வேண்டுமே, ஓர் ஆடுகூட இம்மியும் விலக முடியவில்லை. பிறகு நேராக மில்லுக்காரம்மாவின் முன்னால் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்துக் குரைத்தது.

மில்லுக்காரம்மா சிலை மாதிரி நின்றார். "கேக்குது" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதோட சத்தம் எனக்குக் கேக்குதுடி. தெளிவாக் கேக்குது."

அதற்கு மேல் அவருக்கு மூடியைப் பார்க்கவே மனமில்லை. மரியாதைக்காக வேலியின் மறுபக்கம் போனார்கள். மூடி கறுப்பு. உடம்பில் அலை அலையாக முடி, முகம் மட்டும் வழவழவென்று, காதுகள் இரண்டும் விறைத்து நிமிர்ந்து நின்றன. அது குரைக்கவில்லை. "வேலையில எறங்கினா குரைக்கும். வீட்டு ஆளுங்ககிட்ட வாயத் தொறக்காது. முட்டித்தான் சொல்லும்" என்றார் மூடிக்காரம்மா. நூலகர் கிணற்றடியில் நின்றார், மகள் வாசல் மரத்தடியில், மில்லுக்காரம்மா வேலியோரத்தில். பேசிக்கொண்டே இருந்தவர்கள் ஒரு கட்டத்தில் பார்த்தால் மூன்று பேரும் தோளோடு தோள் இடிக்க முற்றத்தின் நடுவில் நின்றிருந்தார்கள். நாய் எப்போது யாரை எப்படி நகர்த்தியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூடி எதிரே உட்கார்ந்து, கணக்குச் சரியாக இருக்கிறதா என்பது போல் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாம இவ்ளோ நெருக்கமா நின்னு எத்தன வருஷமாச்சு" என்றார் நூலகர் மெல்ல. மகளுக்கு மட்டும்தான் கேட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் பேச்சு இதுதான். நூலகருக்கு மூடி பிடித்திருந்தது, தன்னைப் போல் சத்தம் போடாத பிராணி. மகளால் முடிவு சொல்ல முடியவில்லை. மில்லுக்காரம்மா மட்டும் அசையவில்லை. "நாய்னா குரைக்கணும். ஊமைக்கும் செவிடிக்கும் ஒரே வீட்ல என்ன வேல?" என்றார். தன்னைச் செவிடி என்று அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீட்ல வெச்சுப் பாத்தா ஆகாது. மில்லுல வெச்சுப் பாப்போம்" என்றாள் மகள்.

மறு வாரம் ஒரு நாள் மில்லுக்கு விடுமுறை விட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. அரவை இல்லாததால் தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பேக்கரிக்காரர்கூட மாவுக் கையோடு வந்து நின்றார். சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு வண்டியில், ஆளுக்கொரு நாயோடு வந்து இறங்கினார்கள்.

முதலில் மூடி. மில்லுக்குள் வந்து, எல்லா மூலையையும் முகர்ந்து, மில்லுக்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமிய மறு நொடி நாய் அங்கே இல்லை. ஒரே பாய்ச்சலில் தெருவைக் கடந்து பங்க்சர்காரரின் பெஞ்சுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. கூட்டம் சிரித்தது. மூடிக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சடியில் குனிந்து கூப்பிட்டார், கெஞ்சினார். அது வெளியே வரவில்லை.

"கூச்சம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் மீசைக்காரர், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

அடுத்து பூமி. ஓடுகிற மோட்டாரைக் கண்டு அது கொஞ்சமும் அசரவில்லை. பெல்ட்டைப் பார்த்துக் குரைத்தது, மூட்டையைப் பார்த்துக் குரைத்தது, பேக்கரிக்காரரை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தது. கூட்டம் கைதட்டியது. மில்லுக்காரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா? என் மில்லுக்குன்னே பொறந்த நாய்" என்றார். சோதனை என்று வந்துவிட்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒரு மூட்டை சோளத்தை அரவைத் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தார். "இப்ப யாராச்சும் உள்ள வாங்க. அது சொல்லுதான்னு பாப்போம்."

நூலகர் உள்ளே வந்தார். பூமி அவரைப் பார்த்தது. உடனே மில்லுக்காரம்மாவின் பின்னால் போய் நின்று குரைத்தது. அவர் சோளம் கொட்டிக்கொண்டிருந்தார். இன்னும் பக்கத்தில் போய்க் குரைத்தது. முன்கால் இரண்டும் தரையிலிருந்து எழும்ப எழும்பக் குரைத்தது. குரல் கம்மிப்போகும் அளவுக்குக் குரைத்தது. அந்த முதுகு அசையவில்லை. அவர் மட்டும் மாவைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே உற்சாகமாகக் கேட்டார்:

"என்ன, சத்தத்தையே காணோம்? அதுவும் பயந்துபோச்சா?"

நூலகர் மனைவியின் முதுகையும், அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தும் நாயையும் பார்த்தபடி நின்றார். தான் எத்தனையோ மத்தியானங்கள் நின்ற அதே இடத்தில்தான் அது நின்றது.

பதில் வராததால் மில்லுக்காரம்மா திரும்பினார். முகங்களை வாசிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. வாசலில் இருந்த அத்தனை முகங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீழே, திறந்து திறந்து மூடும் நாயின் வாயைப் பார்த்தார். கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். கல் உறுமி உறுமி ஓய்ந்தது. அந்த நிசப்தத்தில்தான் குரைப்பு அவரை வந்து அடைந்தது.

"எவ்ளோ நேரமா?" என்று கணவரைக் கேட்டார்.

"நான் உள்ள வந்ததுலேருந்து."

மீசைக்காரர் வந்து நாயின் வாரைப் பிடித்துக்கொண்டார். சுருட்டை ரோமத்தைத் தடவிக் கொடுத்து அதை அமர்த்தினார். அவர் விற்க வந்தவர். விற்பனையும் முடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சொன்னார். "அம்மா, இது உங்களுக்கு ஆகாது. இது சொல்றது உங்களுக்கு வந்து சேரல. போய்ச் சேராத பேச்ச எத்தன நாளைக்குப் பேசும்? அதுக்கு மனசு விட்டுப்போயிரும், உங்களுக்கு ஆபத்து." பிறகு கசப்பு மாத்திரையை விழுங்குகிறவர் போல மீசையைத் தடவிக்கொண்டு, "சம்பந்தியம்மா நாயப் பாருங்க. அது தொட்டுச் சொல்ற நாய்" என்றார்.

தெருவின் நடுவில் நின்ற மூடிக்காரம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "என்ன சொன்னீங்க சம்பந்தி?"

"ஒரு தடவதான் சொல்லுவேன்" என்றார் மீசைக்காரர்.

மில்லுக்காரம்மா தெருவைக் கடந்து போனார். பங்க்சர்காரரின் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். குனிந்து, அடியில் ஒடுங்கிக் கிடந்த நாயிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெருவுக்குக் கேட்கவில்லை. மைக்செட் தாழ்ந்த குரலில் பேசி அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. வெகுநேரம் கழித்து ஒரு கறுப்பு மூக்கு வெளியே வந்து அவர் முழங்காலை முட்டியது.

அவர் எழுந்து, மாவைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் வழக்கமான குரலில் அறிவித்தார். "மூடிதான்."

"சத்தத்தக் கேட்டா ஓடுதே அக்கா, அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

"ஓடுதுனா அதுக்குப் புத்தி இருக்குன்னு அர்த்தம். இந்தச் சத்தத்துல நிக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியுது. எனக்குத் தெரியாமப் போச்சு, நின்னுட்டேன்." பெஞ்சடியைப் பார்த்தார். "என் காது போனது போதும். அதோட காதும் போகணுமா?"

அடுத்து அவர் செய்ததுதான் தெருவையே அசத்தியது. மில்லை ஒரு வாரத்துக்கு மூடினார். தச்சரை வரவழைத்து மோட்டாரையும் கல்லையும் சுற்றி இரட்டைப் பலகை அடித்து, நடுவில் பஞ்சு திணித்துப் பெட்டி மாதிரி அடைத்தார். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தார். பழைய பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போட்டார். தானியம் வாங்கும் இடத்தைச் சுவருக்கு வெளியே முன் அறைக்கு மாற்றினார். தொழிற்சாலை ஆய்வாளர் சொல்லிப் பார்த்தது, டாக்டர் சொல்லிப் பார்த்தது, கணவர் பல காலம் முணுமுணுத்தது எல்லாம் அந்த ஒரே வாரத்தில் நடந்து முடிந்தது.

மகளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். "இத்தன வருஷமா நாங்க தொண்டத் தண்ணி வத்தக் கத்துனோம். நேத்து வந்த நாய்க்காக இவ்ளோ பண்ற."

"நீங்கல்லாம் வாயால சொன்னீங்க. எனக்கு எங்க கேட்டுச்சு? அது ஓடிக் காட்டுச்சு" என்றார் மில்லுக்காரம்மா.

இப்போது மூடிக்கு முன் அறையில் ஒரு சாக்கு மெத்தை. இரைச்சல் அடங்கி ஒரு முனகலாகத்தான் அங்கே வருகிறது. பழகச் சில வாரங்கள் பிடித்தன. முதலில் வாசல் வரைக்கும், பிறகு அறை வரைக்கும், கடைசியில் உள்ளே. யாராவது வந்தால் எழுந்து உள்ளே போகிறது, மில்லுக்காரம்மாவின் முழங்காலுக்குப் பின்புறத்தில் மூக்கால் ஒரு முட்டு முட்டுகிறது, இரண்டடி நடந்து திரும்பிப் பார்க்கிறது. அவர் வந்தால் சரி. வரவில்லை என்றால் இன்னொரு முட்டு, இது கொஞ்சம் பலமாக. முதன்முதலில் அப்படி அழைத்துக்கொண்டு வந்தது நூலகரிடம்தான். கேரியரைக் கீழே வைப்பதற்குள் மனைவி எதிரே வந்து நின்றுவிட்டார். அன்று சாயங்காலம் நூலகத்தில், அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே நின்று, படித்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி நிறுத்தி அதைச் சொன்னாராம், வாய்விட்டு.

யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு வேலையையும் மூடி தானாகவே எடுத்துக்கொண்டது. அரவைக்கு வருகிறவர்களை வரிசையாக நிறுத்துகிறது. குறுக்கே புகுகிறவர்களின் குதிகாலை மூக்கால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோய் விடுகிறது. வங்கி மேலாளர் ஒருவரும் அப்படித் தள்ளப்பட்டிருக்கிறார். "யாரா இருந்தாலும் அதுக்கு ஆடுதான்" என்று மில்லுக்காரம்மா அதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்: "இது என்ன நாய்ங்க?"

"மூடி."

"பேரக் கேக்கல, ஜாதியக் கேட்டேன்."

"ரெண்டும் அதான். இந்த வட்டாரத்துலயே ரெண்டு வீட்லதான் இருக்கு. ஒண்ணு அத வளத்த வீடு, இன்னொண்ணு நம்ம வீடு." சொல்லும்போது கழுத்து ஒரு விரற்கடை உயரும். மீசைக்காரரும் அரவைக்கு அங்கேதான் வருகிறார். அவருடைய பூமி வண்டியில் நின்றபடி தெருவையே அதட்டும். மில்லுக்காரம்மா அதன் முகத்துக்கு நேரே போய் நின்று, அது சொல்வது முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிப்பா, சரி" என்று பதில் சொல்லிவிட்டு வருவார்.

காது திரும்பவில்லை, இனித் திரும்பாது. குரலும் குறையவில்லை. பங்க்சர்காரருக்கு இன்றைக்கும் எல்லார் வீட்டுச் செய்தியும் தவறாமல் கிடைக்கிறது.

காலையில் மில்லைத் திறக்கும்போது சுவிட்சுப் பக்கத்தில் நூலகர் நிற்கிறார். நூலகம் திறக்கும் முன் அதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை பலகை அடித்தாலும் மோட்டார் கிளம்பும்போது வரும் முதல் உறுமல் மட்டும் அடங்குவதில்லை. அந்த நேரத்தில் நாயை வெளியே விட்டால் ஓடி வந்துவிடுகிறது, மில்லுக்காரம்மாவைத் தனியாக உள்ளே விட அதற்கு மனமில்லை. அதனால் மில்லுக்காரம்மா முழங்காலை மடித்து அதன் எதிரே உட்காருகிறார். நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு காதுகளையும் மாவு அப்பிய உள்ளங்கைகளால் இறுகப் பொத்திக்கொள்கிறார். பிறகு கணவரைப் பார்த்து, போடுங்கள் என்று முகவாயை அசைக்கிறார்.